லூப் விழவே இல்லை

மூணாங்கிளாஸ் படிப்போடு சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் மூன்று கடை போட்டவன் நான். எழுபதுகளில் என் சாப்பாட்டுக் கடையில் ஒரு அம்மா வடை சுட்டார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வலது கை வடை தட்டும்போது இடது கை அடிவயிற்றை அழுத்திக்கொண்டே இருக்கும்.

இரண்டு பிள்ளை போதுமென்று கிளினிக்கில் கருத்தடை லூப் வைத்துக்கொண்டவர். பிறகு அதன் நூல் தட்டுப்படவில்லை, வலியும் விடவில்லை. போனபோதெல்லாம், "எப்பவோ விழுந்திருக்கும், நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்று அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி திருப்பி அனுப்பினார். வீட்டுக்காரரோ, "நீயே எடுத்துட்டியா?" என்று கேட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் பார்த்தால், லூப் கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு குடலோரம் கிடந்தது. வைக்கத் தெரிந்தவர்களுக்குத் தேடத் தெரியாதா?

ஆபரேஷனில் எடுத்ததை அந்த அம்மா ஒரு சின்னப் பாட்டிலில் கேட்டு வாங்கி, முதலில் வீட்டுக்காரர் முன்னால் வைத்தார். உடம்பு தேறியதும் கிளினிக்குக்குப் போனார். கத்தித் தீர்ப்பதென்று நானும் போனேன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றவர், பாட்டிலை மேசைமேல் வைத்தார். "விழுந்துடுச்சுன்னீங்களே மிஸ்ஸி, இந்தாங்க. இனிமே ஒருத்தி வலிக்குதுன்னா படம் எடுத்துப் பாருங்க லா."

எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை. அவரோ அன்று சாயங்காலமே கடை அடுப்படிக்கு வந்துவிட்டார். இரண்டு கையாலும் மாவு பிசைந்துகொண்டு நின்றார்.