அசையாமல் நாற்பது நிமிடம்

“சாவி, மோதிரம், கொண்டை ஊசி எல்லாத்தையும் இதுல போட்டுடுங்க. இரும்புன்னா நம்ம ராட்சசனுக்கு உயிர்” என்று பிளாஸ்டிக் தட்டை நீட்டுகிறார் அக்கா. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். ராட்சசன் என்பது அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் காந்தம்.

கத்தி படாமல், ஊசி குத்தாமல், உயிரோடிருக்கும் மனித மூளையின் சக்தியை அளப்பது அவர் வேலை. அதற்குள்ளிருக்கும் பாஸ்பரஸ் ரசாயனங்கள் திரையில் சின்னச் சின்ன முகடுகளாக எழும். “இது எரியற விறகு, இது அடுக்கி வெச்ச விறகு” என்று விரலால் காட்டுவார். ஆராய்ச்சிக்காகத் தாமாக வந்து காந்தத்துக்குள் படுப்பவர்கள் நாற்பது நிமிடம் தலையை அசைக்கக் கூடாது. அசைந்தால் முகடுகள் கலங்கிவிடும்.

ஐந்து நிமிடத்துக்கொரு முறை வெளியறையிலிருந்து மைக்கை அழுத்துவார். “சௌகரியமா இருக்கீங்களா? நான் இங்கேதான் இருக்கேன்.” எழுபது வயதுக்காரரும் அந்தக் குரலுக்கு அடங்கிக் கிடப்பார்.

கணவர் தவறி மூன்று வருடம். மகள் வெளிநாட்டில்; இவர் வீடு திரும்பும் நேரம் அங்கே வேறு பொழுது. “வீட்ல பேச ஆள் இல்லைன்னு யாரு சொன்னது? ஃபிரிட்ஜ் இருக்கே, நாள் பூரா முனகும்” என்று சிரிப்பார். நாங்களும் சிரித்து வைப்போம்.

போன மாதம் ஒரு காலை, வரவேண்டிய ஆள் வரவில்லை. “மெஷின் சும்மா கிடக்க வேணாம். நான் படுக்கறேன், நீங்க ஓட்டுங்க தம்பி” என்று அக்காவே உள்ளே போய்விட்டார். அந்த முகடுகளின் வரைபடத்தைப் படிப்பதுதான் என் வேலை. மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் அவர் சொல்வதையே சொன்னேன்.

“அக்கா, சௌகரியமா இருக்கீங்களா? நான் இங்கேதான் இருக்கேன்.”

திரையில் முகடுகள் கலங்கத் தொடங்கின. மறுபடி கேட்டேன். “ம்” என்றார், அதற்குள் ஒரு விம்மல் அடங்கியிருந்தது.

“நிறுத்தட்டுமாக்கா?”

“வேணாம். கேட்டுக்கிட்டே இருங்க.”

நாற்பது நிமிடமும் கேட்டேன். அளவு ஒன்றும் தேறவில்லை.

வெளியே வந்தவர் முகம் கழுவிக்கொண்டு, பாழான வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அசைஞ்சிட்டேன். இதை ஆராய்ச்சியில சேர்த்துடாதீங்க.”

பிறகு சுவரில் தொங்கிய, படுக்க வருபவர்களின் பட்டியலைப் புரட்டி, அடுத்த வியாழக்கிழமையின் காலிக் கட்டத்தில் பென்சிலால் தன் பெயரை எழுதினார்.