டிராக்டர் குட்டிக்கு எஞ்சின் வேலை

எஞ்சின் வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த அன்று, கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். அப்படி ஒரு புகை. எதிர்வீட்டு அம்மாள் அவசர அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள். புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர் மேலே இருந்து எட்டிப் பார்த்து, எங்கள் பக்கமும் ஒரு சுற்று அடித்துவிட்டுப் போங்கள், கொசு தாங்க முடியவில்லை என்றார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே எஞ்சினை அணைத்தார். புகை கலைந்த பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். செத்துப்போயிருந்தது.

அது நாலு சக்கர வண்டி. பைக் மாதிரி கைப்பிடி, டிராக்டர் மாதிரி பருத்த டயர். ஏடிவி என்பார்கள். எங்கள் வேப்பம்பட்டில் யாரோ டிராக்டர் குட்டி என்று சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது. பூந்தமல்லிக்கு வெளியே ஒரு விளையாட்டுத் தோட்டத்தில் பல வருஷம் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோன வண்டி. தோட்டத்தை மூடியபோது நாங்கள் வாங்கி வந்தோம். அதன் நெற்றியில் பல்லைக் காட்டும் புலி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. எவ்வளவு சுரண்டியும் போகவில்லை, விட்டுவிட்டோம்.

வாங்கியது என் வீட்டுக்காரரின் இடது காலுக்காக. வேலப்பன்சாவடி சர்வீஸ் ரோட்டில் ஒரு மழை நாளில் பைக் சறுக்கி விழுந்தார். அன்றிலிருந்து அந்த முட்டி மடங்குவதில்லை. வீட்டுக்குள் கம்பு ஊன்றி நடப்பார். ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கம் நாங்கள் கீரை போடும் ஒன்றரை ஏக்கருக்குப் போக வேண்டுமென்றால் கரை மேல் போய், சேற்றில் இறங்கி, வரப்பு மேல் நடக்க வேண்டும். சேற்றில் கம்பு முழங்கால் ஆழம் இறங்கிவிடும். பக்கத்து நிலத்துக்காரர்தான் தன் மொபெட்டில் ஏற்றிப்போய், அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வரப்பில் உட்கார வைப்பார். தங்கமான மனுஷர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் மாறிப்போனார். ரசத்தில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும் மனுஷன், உப்பே போடாத ரசத்தைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். நான் வேண்டுமென்றேதான் போடவில்லை, சோதித்துப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் உனக்குச் சிரமம், அவருக்குச் சிரமம் என்றார். எனக்கு அந்தச் சாந்தம் பிடிக்கவே இல்லை. பயமாகக்கூட இருந்தது. டிராக்டர் குட்டி வந்த பிறகுதான் சரியானார். அதற்குக் கியர் போடக் கால் வேண்டாம், பிரேக் கையில். சேற்றில் தானே இறங்கும், தானே ஏறும். ஒரே வாரத்தில் என்னோடு பழையபடி சண்டை போட ஆரம்பித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு வருஷம் ஓடிய வண்டி இந்த ஆனி மாதம் இழுக்காமல் போயிற்று. மேட்டில் ஏறச் சொன்னால் மூச்சு வாங்கி நின்றது. திரும்பவும் பக்கத்து நிலத்துக்காரர், திரும்பவும் அக்குளில் கை. நாலாம் நாள் நிலத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து சொன்னார்:

“நெலத்த அவர் கையிலயே குடுத்துடலாம்மே. அவரே கீர போட்டுக்கட்டும். நான் ஊட்லயே கீறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவ்வளவு பதவிசாகச் சொன்னார். அன்றே குட்டி யானை லாரி ஒன்றைப் பிடித்து வண்டியை ஏற்றி முத்தாபுதுப்பேட்டைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு பைக் மெக்கானிக் இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஆவடிப் பக்கம் வேறு யாரும் இந்த வண்டியைத் தொட மாட்டேன் என்றார்கள்; இவர் மட்டும், எஞ்சின்னா எஞ்சின்தான்க்கா, அது இன்னா சிங்கமா புலியா என்று தைரியமாக வாங்கிக்கொண்டார். புலி ஸ்டிக்கரை நான் காட்டினேன். சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. போர் போடணும்க்கா என்றார். எங்கள் வீட்டில் போர் என்றால் ஆழ்குழாய்க் கிணறு, வேறு அர்த்தமே கிடையாது. இவருக்கு ஏன் எங்கள் நிலத்தின் மேல் இவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு, போர் எல்லாம் ஏற்கெனவே போட்டாயிற்று தம்பி, தண்ணி ஜோராக வருகிறது என்றேன். அந்தப் பக்கம் மனுஷர் பதறிவிட்டார். தண்ணி வருதா, எஞ்சினுக்குள்ளயா, அப்போ மொதல்லயே சொல்றதில்லையா என்று கேட்டார். எஞ்சின் உள்சுவர் தேய்ந்திருக்கிறது, அதைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவதற்கும் அதே பெயர்தான் என்று எனக்குப் புரிய வைப்பதற்குள் அவருக்குத் தொண்டை வற்றிவிட்டது. சரி, போட்டுத் தொலையுங்கள் என்றேன்.

போட்டார். அப்புறம் வந்ததுதான் அந்தக் கொசு மருந்துப் புகை.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். மயிரிழை பிசிறு இருந்தாலும் சிவப்புத் தொட்டியில் வீசிவிடுவேன். என்னை அங்கே ரிஜெக்ட் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு, மறைப்பானேன்.

மறுநாள் காலை திரும்பவும் குட்டி யானையைப் பிடித்து வண்டியைக் கொண்டுபோய் மெக்கானிக் கடையில் இறக்கினேன். போய்ட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன் என்றார். நான் எங்கேயும் போகவில்லை. கடை முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் எஞ்சினைப் பிரிக்கப் பிரிக்க, இது என்ன, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பாவம், ஒரு டீகூட நிம்மதியாகக் குடிக்க விடவில்லை.

பிஸ்டனை வெளியே எடுத்து அதன் இடுப்பில் இருந்த ரிங்குகளைக் கழற்றினார். ஒரு ரிங்கைக் கையில் வாங்கி, பழைய பழக்கத்தில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் எறும்புக்கால் அளவுக்கு ஓர் எழுத்து பொறித்திருந்தது. இந்த எழுத்து எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் ரிங்கைப் பார்த்தார், பிஸ்டனைப் பார்த்தார். எழுத்து மேலே பார்த்திருக்க வேண்டும், கீழே பார்த்திருந்தது. தலைகீழாகப் போட்டதில் ஆயில் மேலே ஏறிப் புகையாகப் போயிருக்கிறது. வேறு ஒருவராக இருந்தால் ரிங் மட்டம், ஆயில் மட்டம் என்று கதை விட்டிருப்பார். இவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தப்பு என்னுதுதான்க்கா என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதியை மட்டும் திட்டினேன்.

புது ரிங் வாங்கி வந்து என் கண் முன்னாலேயே சரியாகப் போட்டார். ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். புகை இல்லை, சத்தமும் ஒழுங்காக இருந்தது. நான் பாஸ் செய்தேன்.

வண்டி ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது. நல்ல நாள், விடுவேனா? தலைக்குக் குளித்துவிட்டு வந்து வண்டியைத் துடைத்து, கைப்பிடிக்குச் சாமந்தி மாலை போட்டேன். முன் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தேன். விளக்கு, புலி நெற்றி, பின் கம்பி எல்லாவற்றுக்கும் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்தேன். பெட்ரோல் மூடி என்பது வண்டிக்கு வாய் மாதிரி அல்லவா, சாப்பாடு போகும் இடம். அதற்கு மட்டும் தாராளமாக, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு நட்டநடுவில் அப்பினேன். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். எனக்கு மனசு பூரித்துப்போயிற்று.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. ஏரிக்கரையில் பாதி வழியில் வண்டி நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரம் கழித்துத் தானே கிளம்பி, கொஞ்ச தூரத்தில் திரும்பவும் நின்றதாம். கண் பட்டுவிட்டது என்று எனக்கு அப்போதே தோன்றியது. அடுக்குமாடிக்காரர்கள் எல்லோரும் மாடியில் நின்று பார்த்தார்களே. மறுநாள் சீக்கிரம் எழுந்து, பழைய சந்தனத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னும் ஒரு கோட்டிங் கொடுத்தேன். அன்றும் நின்றது; இரண்டு நாளும் நிலத்துக்குப் போய்ச் சேராமல், நின்று நின்றே வீடு திரும்பினார். மூன்றாம் நாள் மஞ்சளும் சேர்த்து, சுற்றிப் போட்டு அனுப்பினேன். அன்றும் நின்றது. கரை மேல் வெயிலில் உட்கார்ந்திருந்தவரைப் பக்கத்து நிலத்துக்காரர் தூக்கித் தன் மொபெட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். உள்ளே வந்த என் வீட்டுக்காரர், சாயங்காலம் போய் நிலத்தை அவரிடமே பேசி முடித்துவிடுகிறேன் என்றார். அதே பதவிசு. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அழுது முடித்துவிட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. உன்னை நம்பி ஒரு மனுஷனின் வாழ்க்கையைக் கொடுத்தேனே, பாவி என்றதுதான் அதில் மரியாதையான வார்த்தை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டார்.

சாமான் பையோடு பைக்கில் வந்துவிட்டார். வீட்டுக்காரரை அவர் பின்னால் ஏற்றிவிட்டு நான் கரை மேல் நடந்தேன். நான் போய்ச் சேரும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து முடித்திருந்தார், நன்றாகத்தான் இருந்தது. கடைசியில், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினார். புஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சந்தனத்தைப் பெயர்த்தார். சிமெண்ட் மாதிரி வில்லையாக வந்தது. அடியில், மூடியின் நடுவில், ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை.

“பெட்ரோல் கீழ எறங்கணும்னா மேல காத்து வரணும்க்கா. அதுக்குத்தான் இந்த ஓட்ட. நீங்க பூஜ பண்ணி மூச்ச அடச்சுட்டீங்க.”

துளையை ஊதிவிட்டு மூடியை மாட்டி, பட்டனை அழுத்தினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி நேரம் ஓடியது. எனக்கு ஏரியில் இறங்கிவிடலாம் போலிருந்தது. பதினெட்டு வருஷம் மயிரிழையைப் பிடித்தவள், மூன்று நாளாக மூன்று கோட்டிங் அடித்து ஒரு வண்டியின் கழுத்தை நெரித்திருக்கிறேன். அதற்கு அந்த மனுஷரைப் பாவி என்றும் சொல்லிவிட்டேன். தம்பி, மனசில வச்சுக்காதீங்க, நான் பேசினது பெரிய தப்பு என்றேன்.

அவர் சந்தன வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார்.

“பரவால்லக்கா. இத எந்தத் தொட்டியில போடறது?”

முக்காலியில் உட்கார்ந்து என் கம்பெனிக் கதையை எல்லாம் அவரிடம் நானே அளந்திருந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார் பாருங்கள், கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கம்பை வண்டியில் செருகினார். கைப்பிடியைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். கரையிலிருந்து சேற்றில் இறக்கி, வரப்புப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.

வண்டிச் சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பழக்கதோஷம், வரும்போதே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் எஞ்சினை அணைத்தார்.

“உடுப்பா. நானே எறங்கிக்கிறேன்.”

இறங்க வெகுநேரம் ஆயிற்று. மடங்காத கால் ஒரு தடவை டயரில் இடித்துக்கொண்டது; என் கை தானாக முன்னால் போனது, இழுத்துப் பிடித்துக்கொண்டேன். யாரும் கிட்டே போகவில்லை. அவர் சேற்றில் கால் ஊன்றி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, எங்களைப் பார்த்தார்.

“இன்னாமே வேடிக்க பாத்துகினு நிக்கிற? மூணு நாளா கீர முத்திக்கினு கீது. எறங்கு.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பதிலுக்கு நானும் நன்றாகத் திட்டினேன்.