அவித்த பயறும் அவியாத பயறும்

உயர்வகுப்புச் சோதனைக்குப் பொட்டனி என்ற தாவரவியல் எடுத்த பெட்டைகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டே பேர்: நானும் என் சிநேகிதியும். கரவெட்டியில் அவளுடைய வீட்டுக் குசினியில்தான் சுவாசத்தைப் படித்தோம். ஒரு போத்தலில் முளைத்த பயறு, மற்றதில் அவித்த பயறு. இரண்டுக்குள்ளும் நூலில் தொங்கும் சிறு குப்பிகள். அவற்றில் சுண்ணாம்புத் தெளிநீர். தக்கையை இறுக்கி மெழுகு ஊற்றிவிட்டுக் காத்திருப்போம். முளைத்த பயறு மூச்சு விட, தெளிநீர் பாலாய்க் கலங்கும். மற்றது கண்ணாடிபோல் அப்படியே கிடக்கும்.

"வெத்திலைக்கு வைச்ச சுண்ணாம்பு எங்கையடி?" என்பார் அவளின் அம்மா.

"பயறு மூச்சு விடுகுதோ எண்டு பாக்கிறமம்மா."

"பயறு மூச்சு விடுறது தெரியுது. நான் அடுப்பூதி மூச்சு வாங்கிறது ஒருத்தியின்ரை கண்ணுக்கும் தெரியேல்லை!"

மலாயாவில் கிளாக்கராக இருந்த ஒருவர் லீவில் வந்து அவளைப் பெண் பார்த்தார். சோதனை எழுதிவிட்டுக் கப்பல் ஏறலாம் என்றார்கள். அதை நம்பித்தான் அவள் தலையாட்டினாள். பந்தல் போட்ட பிறகு பேச்சு மாறியது. லீவு முடிகிறதாம்; சோதனைக்கு முன்னமே கப்பலாம்.

கலியாணத்துக்கு முளைப்பாலிகை போடும்போது நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஊறிய நவதானியத்தைப் பெண்கள் மண்சட்டிகளில் தூவி, பாலும் தண்ணீரும் தெளித்தார்கள்.

"உதுகள் இப்ப மூச்சு விடத் தொடங்கியிருக்கும், என்னடி?" என்றாள் மெல்ல.

"ஓம்."

"என்னை எந்தப் போத்தலுக்கை போடுவாய்?"

"பொம்பிளை என்ன குசுகுசுக்கிறா? மாப்பிள்ளையைப் பற்றியோ?" என்றார் ஒரு மாமி. பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு, அந்தச் சிரிப்பு... இன்றைக்கும் பயறு முளைக்கப் போட்டால் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அவள் கப்பலேறிய பிறகு நடந்த சோதனையில் அந்தக் கேள்வியே வந்தது. இரண்டு போத்தல்களையும் படமாகக் கீறினேன். கை தானாக எழுதியது.

திரும்பும் வழியில் அவளின் வீட்டுக்குப் போனேன். அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டவங்களோ பிள்ளை, உங்கடை பயறு?"

"ஓம் மாமி."

விரல் நுனியில் எடுத்த சுண்ணாம்பு வெற்றிலைக்குப் போகவில்லை. அது விரலிலேயே காய்ந்தது.

"அவளும் எழுதியிருப்பாள்," என்றார். "வடிவா எழுதியிருப்பாள்."