பந்து போன வழி

போன வாரம் ஒரு காலையில் தொலைபேசி வந்தது. "அத்தா மவுத்தாயிட்டாங்க சார். லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்," என்றார் காசிம் பாயின் மகன். மதியத்துக்குள் திருத்துறைப்பூண்டி போய்ச் சேர்ந்தேன். அடக்கம் முடிந்து திரும்பும்போது மகன் ஒரு கைக்குட்டை முடிச்சை என்னிடம் நீட்டினார். "உங்ககிட்ட குடுத்துரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க." உள்ளே இருப்பது என்ன என்று அவிழ்க்காமலே என் கைக்குத் தெரிந்தது.

கடைத்தெருவில் வயலுக்கு மருந்தடிக்கும் மெஷின் பழுதுபார்த்தவராகத்தான் உங்களில் பலருக்குக் காசிம் பாயைத் தெரியும். அதற்கு முன் அவர் கோல்ஃப் மைதானம் பராமரித்தவர். வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டுகள் அதுதான் வேலை. முதலில் இருந்தது புல்லே இல்லாத பாலைவன மைதானம். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலை இழுத்துச் சமன் செய்வார். ஆடுபவர்கள் ஒரு துண்டுப் பச்சைப் பாயைக் கையோடு கொண்டுபோய், பந்தை அதன்மேல் எடுத்துவைத்து அடிப்பார்களாம். "அவங்கவங்க தரைய அவங்கவங்களே தூக்கிட்டுத் திரியணும் சார்." பிறகு வேலை பார்த்தது கடலோர மைதானத்தில். அங்கே உயர அடித்தால் காற்று பறித்துக்கொள்ளும். தாழ அடித்து உருட்ட வேண்டும். மரங்கள் அடர்ந்த மைதானம் ஒன்றிலும் இருந்திருக்கிறார். அங்கே நேராக அடிக்கத் தெரியாதவனுக்கு வழியே கிடையாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் முடிப்பது ஒரே மாதிரி இருக்கும்: "ஆடுறவன் தான் ஆடுறதா நெனச்சுக்கறான். ஆடுறது தரை."

தாராளமயம் வந்த புதிதில், திருத்துறைப்பூண்டிக்கு வெளியே தண்ணீர் வராமல் குறுவை பொய்த்த வயல்களை வெளியூர் நிறுவனம் ஒன்று வாங்கியது. விடுதியும் ஒன்பது குழி மைதானமும் கட்டினார்கள். நம் களிமண்ணில் விழுந்த பந்து எழும்பாது, புதைந்துகொள்ளும். அதனால் வெளியிலிருந்து மண் கொட்டி மேடாக்கினார்கள். சுற்றிலும் ஆளுயர மதில் எழுந்தது. ஊர் திரும்பிய காசிம் பாய் அங்கே மேற்பார்வையாளர் ஆனார்.

ஒரு புரட்டாசி மதியம், அப்போது பத்திரிகை நிருபராக இருந்த என்னை வரச்சொன்னார். மைதானத்தில் ஒருவரும் இல்லை. காற்று சுத்தமாக நின்றிருந்தது. குழிகளில் நட்ட கொடிகள் ஈரத்துணிபோலத் தொங்கின. ஆறாவது குழியிலிருந்து மதில்வரை கொக்குகள் ஒரே வரிசையில் நின்றன. அங்கே தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை.

"இந்தக் குழிக்கு அடிக்கற பந்து எதுவும் குழிக்குப் போறதில்ல சார்," என்றார். மேலாளர் இரண்டு முறை புல்லைப் பெயர்த்து, ரசமட்டம் வைத்துச் சமன் செய்துவிட்டாராம். மட்டத்தில் ஒரு குறையும் இல்லை. காசிம் பாய் குனிந்து புல்லைத் தடவிக் காட்டினார். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. "புல்லு தண்ணியப் பாத்துதான் சாயும். அடியில எங்கயோ அது போய்க்கிட்டிருக்கு."

புல் நட வந்த செல்லம்மா பக்கத்தில் நின்றாள். மதிலுக்கு அந்தப்புறத் தெருவில்தான் அவள் வீடு. "மேல் வயத் தண்ணியெல்லாம் இந்த வழியாத்தான் வடியும். வாய்க்காலத் தூத்துட்டாங்க. எங்க தெருவுல இப்ப வெறும் சாக்கடை அளவுதான் மிச்சம்," என்றாள்.

காசிம் பாய் பதினொரு பந்துகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். எதையும் பலமாகத் தட்டவில்லை. ஒவ்வொன்றும் மெல்ல வளைந்து, கொக்குகளின் கால்களுக்கிடையே புகுந்து, மதிலடியில் ஒரே இடத்தில் போய் நின்றது. கொக்குகள் பறக்கவில்லை.

"மழைக்குச் சுவர் இந்த எடத்துலதான் போகும். அந்தப் பக்கம் நேரா நாலு வீடு. எழுதுங்க சார்."

தாலுகா அலுவலகத்தில் கேட்டேன். அந்த இடத்து வரைபடம் பாதி கிழிந்திருந்தது. வாய்க்கால் இருந்ததற்கு ஆதாரமாக ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. திரும்பி வந்து, "பந்து சொல்லுச்சுன்னு பேப்பர்ல போட முடியாது பாய்," என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி. நீங்க பாத்துட்டீங்கல்ல," என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை கீழே இறக்கி வைக்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை அவர் வேலையை விட்டுவிட்டு நேரே அந்தத் தெருவுக்குப் போய், நான்கு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார். "பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க."

"சவுதிக்குப் போயி ஜோசியம் படிச்சுட்டு வந்தீங்களா பாய்?" என்று செல்லம்மா கேட்டாளாம். "எங்க வீட்ட மட்டும் எப்புடித் தெரிஞ்சு வரும் தண்ணி?"

"அதுக்கு வழி தெரியும் தாயி. நமக்குத்தான் மறந்துபோச்சு."

திட்டிக்கொண்டேதான் போனார்கள். அன்று பிற்பகல் சுவர் விழுந்தது. அவர் காட்டிய இடத்தில் பத்தடி அகலம் மட்டும். தெருவின் மற்ற வீடுகளில் படிக்கட்டு நனைந்ததோடு சரி. அந்த நாலு வீடுகளுக்குக் கூரையும் இல்லை.

மறுநாள் போனேன். செல்லம்மா வீட்டில் அரைச்சுவரும் அடுப்பும்தான் நின்றன. அடுப்புக் குழிக்குள், சேறு படாமல், வெள்ளை வெளேரென்று மூன்று பந்துகள் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"பாருங்க, கோழி இல்லாமயே முட்டை வச்சிருக்கு," என்று செல்லம்மா சிரித்தாள். காசிம் பாய் மூன்றில் ஒன்றை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

'மதில் இடிந்து நான்கு வீடுகள் சேதம். உயிர்ச்சேதம் இல்லை' என்று எழுதினேன். உயிர்ச்சேதம் ஏன் இல்லை என்பதை எழுதவில்லை. அதைத்தான், இத்தனை காலம் கழித்து, இங்கே எழுதியிருக்கிறேன்.

கைக்குட்டையில் இருந்தது அந்தப் பந்துதான். தஞ்சாவூரில் நான் இருக்கும் குடியிருப்புப் பகுதியும் ஒரு காலத்தில் வயலாக இருந்ததுதான். நேற்று மாலை பந்தைக் கூடத்தின் நடுவே வைத்தேன். சிறிது நேரம் அசையாமல் இருந்தது. பிறகு கிளம்பி, கிழக்கு ஜன்னலின் கீழே போய் நின்றது. வேறு இடத்தில் வைத்தேன், அங்கேயேதான் போனது. கொத்தனாரை வரவழைத்து ரசமட்டம் வைக்கச் சொன்னேன். "தரை கச்சிதமா இருக்கு சார்," என்றார். டைல்ஸ் தரை, சாய்வதற்கு அதில் புல்லும் இல்லை.

ஜன்னலுக்கு அப்பால் மதில். மதிலை ஒட்டி, போன மாதம் குடிவந்த ஒரு இளம் தம்பதியின் வீடு. உள்ளே தொட்டில் ஆடும் சத்தம் கேட்கும். மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. நாளைக் காலை அவர்கள் கதவைத் தட்டப்போகிறேன். ஆதாரம் கேட்பார்கள். காசிம் பாய் விட்டுப்போனது இந்தப் பந்து ஒன்றுதான். இதை அவர்கள் தரையில் வைத்துக் காட்டுவேன்.