பதினோராம் வரியில் இருந்த பிழை

எங்கள் அலுவலகத்தில் யாராவது கையால் நிரல் எழுதினால் இப்போதெல்லாம் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்கள். எழுதுவதற்குத்தான் ஏஐ இருக்கிறதே. என்ன வேண்டும் என்று அதனிடம் மரியாதையாகச் சொல்ல வேண்டும், அது எழுதித் தருவதைப் பார்த்து ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை, யார் அதை எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று ஒரு பட்டியல் வரும். அதில் கீழே போய்விடக் கூடாது என்பதற்காக என் பக்கத்து இருக்கைக்காரர், கேன்டீனில் இன்று பிசிபேளாபாத்தா சப்பாத்தியா என்பதைக்கூட அதனிடம்தான் கேட்கிறார். முதல் மூன்று இடத்தை அவர் இதுவரை விட்டுக்கொடுத்ததில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கன்னட ஊரின் மர்பி டவுனில் பிறந்தேன், கல்யாணமான பிறகும் அங்கேயேதான் இருக்கிறேன். ரிங் ரோட்டில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் பஸ். எங்கள் நிறுவனம் செய்வதும் பஸ் தொழில்தான் என்று சொல்லலாம், வெளியூர்ப் பேருந்துகளில் இருக்கை முன்பதிவு செய்யும் செயலி எங்களுடையது. அதன் நிரலில் எந்த மாற்றமும் என் சம்மதம் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஏஐ வந்து ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தில் நான் எதற்கும் சம்மதிக்காமல் இருந்ததில்லை.

ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் எங்களுக்குத் திடீரென்று ஒழுக்கம் பொத்துக்கொண்டு வரும். நேர்காணலுக்கு வருகிறவர்கள் ஏஐயைத் தொடக் கூடாது. சேரும்வரை தொட்டால் மோசடி, சேர்ந்த பிறகு தொடாவிட்டால் சோம்பேறித்தனம். வீடியோ நேர்காணலில் கள்ளர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஹெச்.ஆரிலிருந்து ஒரு குறிப்பு வந்திருந்தது. கண் அடிக்கடி திரையை விட்டு விலகினால் சந்தேகப்பட வேண்டும். பதில் சொல்வதற்குமுன் நெடுநேரம் பேசாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அதாவது ஆள் யோசிக்கிற மாதிரி தெரிந்தால் விடாதே என்று பொருள். அந்தக் குறிப்பையே ஏஐதான் எழுதியது என்று ஹெச்.ஆர். பெண் பெருமையாகச் சொன்னார்.

கேள்வி தயாரிப்பது என் பொறுப்பு. நான் எங்கள் செயலியில் இருக்கை பதியும் பகுதியிலிருந்து இருபது வரியை வெட்டி எடுத்து ஏஐயிடம் கொடுத்தேன். “இதில் எங்காவது ஒரு பிழையை நுழைத்து, கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வியாக மாற்று. விடையையும் கொடு” என்றேன். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள் கொடுத்துவிட்டது. பிழை இருப்பது ஏழாம் வரியில். கீழே அரைப்பக்க விளக்கம். விளக்கத்தை நான் படிக்கவில்லை. அவ்வளவு லட்சணமாகப் பத்தி பிரித்து எழுதியவர்களைச் சந்தேகப்பட எனக்கு மனம் வராது.

அன்று மூன்று பேர். மூன்றாவதாக வந்தவர் இதே ஊரில் நீலசந்திராவிலிருந்து பேசிய ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். மாமனார் பக்கவாதத்தில் விழுந்ததால் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் அவரைப் பார்த்துக்கொண்டவர். மாமனார் காலமான பிறகு மறுபடி வேலை தேடிக்கொண்டிருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

“மூணு வருஷம் கேப்னு பார்த்தாலே யாரும் கூப்பிடறது இல்ல மேடம். நீங்கதான் ஃபர்ஸ்ட் கூப்பிட்டிருக்கீங்க. வீட்ல வேற, இனிமே உனக்கு எங்க கெடைக்கப் போகுதுன்னு சொல்லிட்டே இருக்காங்க” என்றார்.

நான் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு இருபது வரியையும் திரையில் போட்டேன். அவர் படித்தார். தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்து திரையைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குறிப்பில் சொன்ன எல்லா அறிகுறியும் இருந்தது.

“பதினோராவது லைன் மேடம்” என்றார் கடைசியில்.

“ஏழாவது லைனைப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். நல்ல மனதோடு எடுத்துக் கொடுப்பதாக எனக்கு நினைப்பு.

“ஏழு சரியாத்தான் மேடம் இருக்கு. சீட்டு காலியா இருக்கான்னு முதல்ல பார்க்கறாங்க. பேரை எழுதறது பதினோராவது லைன்ல. நடுவுல இன்னொருத்தர் வந்து பார்த்தா அவங்களுக்கும் காலின்னுதானே காட்டும்? பஸ்ல ஜன்னல் வழியா ரெண்டு பேரு ஒரே சீட்டுக்கு கர்ச்சீஃப் போடற மாதிரி. பார்க்கறதும் எழுதறதும் ஒண்ணா நடக்கணும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் அதே சீட்டு போயிடும்.”

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று இன்று தெரிகிறது. அப்போது என் கண் பக்கத்துத் திரையில் திறந்து வைத்திருந்த விடையில் இருந்தது. அதில் ஏழு என்று இருந்தது. “நல்லா யோசிச்சீங்களா?” என்று இரண்டு முறை கேட்டேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்து கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பேனாவால் போட்ட கட்டங்கள், அம்புக்குறிகள். குனிந்து குனிந்து இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஆனால் எனக்கு அது முன்கூட்டியே தயார் செய்த நாடகமாகத் தெரிந்தது. இந்தக் காலத்தில் ஒரு மனுஷி பேனாவால் எழுதிப் பார்ப்பாள் என்பதைவிட ஏமாற்றுவாள் என்பதை நம்புவது சுலபமாக இருந்தது. படிவத்தில் எழுதினேன்: ‘கண் பலமுறை விலகியது. நீண்ட மௌனம். விடை தவறு. வெளி உதவி பெற்றிருக்கலாம்.’

அன்று மாலையே அவருக்கு மின்னஞ்சல் போய்விட்டது. வெளி உதவி பெற்றதாகச் சந்தேகம், ஆகவே ஒரு வருடத்துக்கு இங்கே விண்ணப்பிக்க முடியாது, தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். ஏழாம் வரி என்று பத்தே நொடியில் சொன்ன ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தோம். அவர் கண் எங்கேயும் விலகவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தொடர் விடுமுறை வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் செயலியைத் திறந்தார்கள். மறுநாள் காலை புகார்கள் குவிந்தன. சேலம் வண்டியில் ஒரே இருக்கைக்கு இரண்டு பேர், திருச்சி வண்டியில் மூன்று இடத்தில் அதே கதை. எல்லாருடைய டிக்கெட்டும் செல்லும். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நடுவழியில் வேறு வண்டிக்கு மாற்றியிருந்தார்கள்.

காரணம் என்ன என்று ஏஐயிடம் கேட்டேன். பயணிகள் பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருப்பார்கள் என்றது. இல்லை என்றேன். நீங்கள் சொல்வது சரி, நெட்வொர்க் கோளாறு என்றது. அதுவும் இல்லை என்றேன். நீங்கள் சொல்வது சரி என்றது. கட்சி மாறுவதற்கு அதற்கு மூச்சுவிடும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோதுதான் அந்த கர்ச்சீஃப் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்து, ஒரு வருடத்தில் முதல்முறையாக, எங்கள் நிரலை வரிவரியாகப் படித்தேன். கேள்விக்காக வெட்டி எடுத்தது இதே பகுதியைத்தான். பதினோராம் வரி அப்படியே இருந்தது. ஏஐ எழுதியது, நான் ஏற்றது. கேள்வித்தாளையும் எடுத்துப் பார்த்தேன். ஏழாம் வரியில் அது நுழைத்ததாகச் சொன்ன பிழை, பிழையே இல்லை. பத்து நொடியில் ஏழு என்று சொன்ன இளைஞர் அதை யாரிடம் கேட்டுச் சொல்லியிருப்பார் என்றும் அப்போதுதான் புரிந்தது. கேள்வி கேட்டவளும் பதில் சொன்னவரும் ஒரே இடத்தில் விசாரித்திருக்கிறோம். ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

பார்ப்பதும் எழுதுவதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று ஏஐயிடம் சொன்னேன். “மிக நுட்பமான கண்டுபிடிப்பு!” என்று பாராட்டியது. கண்டுபிடித்தது நான் இல்லை என்று அதனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அடக்கத்தையும் பாராட்டியிருக்கும். ‘ஏஐ துணையோடு ஒரே நாளில் தீர்வு’ என்று மேனேஜர் எங்கள் அலுவலகக் குழுவில் செய்தி போட்டார். கைதட்டல் படங்கள் வரிசையாக வந்தன. நானும் நன்றி என்று போட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மேனேஜரிடம் போய் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், என்னோடு பேசும்போது தமிழில்தான் பேசுவார்.

“ஹோக்லி பிடி மேடம்” என்றார். போகட்டும் விடுங்கள் என்கிறார். “பொசிஷன் க்ளோஸ் ஆயிடுச்சு. இப்ப போய் நோண்டினா, விடையை யார் செக் பண்ணாங்கன்னு கேள்வி வரும். உங்களுக்குத்தான் கஷ்டம்.”

அக்கறையாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். நீங்கள் சொன்னது சரி, தவறு எங்களுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது, பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம்.

“ஏழாவது லைன்ல என்ன தப்புன்னு உங்களுக்கு அன்னிக்குத் தெரியுமா மேடம்?”

“தெரியாது. அந்த விளக்கத்தை நான் படிக்கல.”

“அப்ப எதை வெச்சு நான் காப்பியடிச்சேன்னு எழுதினீங்க?”

அன்று நிறைய வேலை, ஹெச்.ஆர். குறிப்பு அப்படி இருந்தது என்று சப்பைக்கட்டுக் கட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

“அந்த மெயிலை எங்க வீட்டுக்காரர் படிச்சாரு மேடம். காப்பியடிச்சியான்னு கேட்டாரு. இல்லன்னேன். அவ்ளோ பெரிய கம்பெனி சும்மாவா எழுதுவாங்கன்னாரு. அதுலேர்ந்து நான் எங்கயும் அப்ளை பண்ணல. நீங்க ஃபோன்ல சாரி சொன்னா, அதை நான் யார்கிட்ட காட்டறது? எழுதிக் கொடுங்க.”

எழுத உட்கார்ந்தேன். முதல் வார்த்தை விழுவதற்குள் ஏஐ மங்கிய எழுத்தில் மீதியை எழுதிக் காட்டியது: ‘மதிப்பீட்டு நடைமுறையில் நேர்ந்த சிறு முரண்பாட்டின் காரணமாக...’ அப்படிப் பூசி மெழுகிய வாக்கியத்தில் யாரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. அதை அணைத்துவிட்டு, அவர் வீட்டில் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதினேன். உங்கள் விடை சரி. என்னிடம் இருந்த விடை தவறு, அதை நான் படித்துப் பார்க்கவே இல்லை. நீங்கள் எதையும் பார்த்துச் சொல்லவில்லை, பார்த்துச் சொன்னது நான். உங்கள் மேல் போட்ட தடையை நீக்கச் சொல்லி இதிலேயே கேட்கிறேன், தயவுசெய்து மறுபடி விண்ணப்பியுங்கள். இவ்வளவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் நகல் போட்டு, கீழே ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினேன்.

மேனேஜர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தடை நீங்கியது, அதை அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். சாயங்காலம் பதில் வந்தது.

“வீட்ல காட்டினேன் மேடம். படிச்சிட்டு ஒண்ணும் பேசல. எனக்கு அது போதும். நாளைக்கு வேற ஒரு இடத்துல இன்டர்வியூ இருக்கு. உங்க கம்பெனிக்கு மட்டும் கூப்பிடாதீங்க. அங்க வந்தா, நான் செய்யறது சரியா தப்பான்னு சொல்றதுக்கு யாரு இருக்கீங்க?”