பதினைந்து விநாடி

உடற்கல்வியில் மேற்படிப்பு என்றால் எங்கள் பெண்ணாடத்தில் சிரிப்பார்கள். "விசில் ஊதுறதுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிக்கணுமா?" என்று என் தாய்மாமா கல்யாணப் பந்தியிலேயே கேட்டார். நான் இலையில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். சிதம்பரத்தில் எம்.பி.எட். இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும் என்றபோது, யாரும் சிரிக்க முடியாதபடி எண்களும் அட்டவணைகளுமாக எழுதிவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. நடந்ததற்கெல்லாம் அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

ஆய்வு இதுதான். விடுதியில் இருந்த, உடற்கல்விப் பட்டத்துக்குப் படிக்கும் இளைய மாணவிகள் இருபது பேர். பத்துப் பேருக்குப் பன்னிரண்டு வாரம் ஓட்டப் பயிற்சி, பத்துப் பேருக்கு இல்லை. ஓடினால் இதயம் வலுக்கும், வலுத்த இதயம் ஓய்வில் மெதுவாகத் துடிக்கும் என்று காட்ட வேண்டும். அதற்காகக் காலையில் அவர்கள் கட்டிலை விட்டு எழுவதற்கு முன், ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் விரல் வைத்து நாடி எண்ணுவேன். முழு நிமிடம் எண்ணப்போவதாகத்தான் ஆய்வுத் திட்டத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் குளியலறைக்கு வரிசை நிற்கும் விடுதியில் எனக்காக யார் படுத்துக் கிடப்பார்கள்? பதினைந்து விநாடி எண்ணி, நான்கால் பெருக்கிக்கொண்டேன். எங்கள் படிப்பில் பலரும் செய்வதுதான்.

ஓட்டப் பயிற்சிப் பத்துப் பேரில் அவள் ஒருத்தி. திட்டக்குடிக்காரி, கபடி ஆட்டக்காரி. அவள் பிடியில் கால் சிக்கினால், பாடி வந்தவள் நடுக்கோட்டைத் தொட்டதில்லை. தான் படித்த பள்ளிக்கே பி.டி. டீச்சராகப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. எல்லோரையும்விட அவளுடைய நாடிதான் குறைவு. பெருக்கினால் நாற்பது. எங்கள் ஆட்களுக்குக் குறைந்த நாடி என்பது கழுத்தில் போட்ட பதக்கம் மாதிரி. "குதிரைடி நீ," என்றேன். என் வழிகாட்டிப் பேராசிரியரும் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இவதாம்மா அத்லெட்," என்றார்.

நான்காவது வாரம் ஒரு காலையில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து, ஆறு, ஏழு. பிறகு எதுவும் இல்லை. விரலுக்குக் கீழே வெறும் தோல். அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல எட்டு வந்தது.

விரல் நழுவியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க விரும்பினேன். மறுபடி அழுத்தி எண்ணினேன். இந்த முறை பதினைந்து விநாடியும் ஒழுங்காக வந்தது. அதை எழுதிக்கொண்டேன். அந்த மாதத்தில் இன்னும் மூன்று முறை அப்படி ஆனது. மூன்று முறையும் நல்ல பதினைந்து விநாடிக்காகக் காத்திருந்து அதையே எழுதினேன். அவளை நீக்கினால் குழு கெடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். போதாததற்கு, என் அட்டவணையிலேயே அழகான எண் அவளுடையதுதான்.

எட்டாவது வாரம், ஓட்டத்தின் நடுவில் அவள் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றாள்.

"அக்கா, கிர்ருனு வருது. கண்ணு இருட்டுதுக்கா."

"வெறும் டீயக் குடிச்சிட்டு வந்து நின்னா அப்படித்தான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஓடுடி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு ஓடினாள். அன்றிலிருந்து அவள் ஓடும்போதெல்லாம் நான் கடிகாரத்தை விட்டுவிட்டு அவள் கால்களையே பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்குப் பேராசிரியரிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். தினமும் அந்த 'நாளை' ஒரு நாள் தள்ளிப் போனது.

கடைசிச் சோதனை பன்னிரண்டு நிமிட ஓட்டம். அன்று காலையிலேயே காற்று நின்றிருந்தது. ஏழாவது நிமிடம், எதிர்ப்புற வளைவில் அவள் கால் மடங்கியது. தடுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். அவள் ஊன்றவில்லை. ஓடிப்போய்க் கழுத்தில் விரல் வைத்தேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. முதலுதவி வகுப்பில் பொம்மைமீது செய்ததை அவள் நெஞ்சின்மீது செய்தேன். எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியாது. கடைசியில் அவள் இருமினாள்.

சிதம்பரத்தில் பார்த்துவிட்டுக் கடலூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் என்னிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி பல்ஸ் விட்டு விட்டு வந்திருக்கா? யாராச்சும் பார்த்திருக்கீங்களா?"

நாடி எழுதும் நோட்டு என் தோள்பையில்தான் இருந்தது. கரும்பு வெட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்த அவளுடைய அப்பா பக்கத்தில் நின்றார்.

"இல்ல சார். நார்மலாத்தான் இருந்துச்சு," என்றேன்.

அவள் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ இல்லன்னா எம்பொண்ணு இல்லம்மா." கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

அவளுடைய கழுத்தோரக் காறை எலும்புக்குக் கீழே சின்னக் கருவி ஒன்றை வைத்தார்கள். இதயம் துடிக்க மறந்தால் அது தட்டிவிடும். கபடி இனி கிடையாது. மைதானச் செய்முறைத் தேர்வு இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் திட்டக்குடிப் பள்ளியும் இல்லை.

நான்காம் நாள் பார்க்கப் போனேன். கட்டிலோரம் உட்கார்ந்ததும் அவள் கையை நீட்டினாள். "எண்ணுங்கக்கா."

விரல் வைத்தேன். போனில் விநாடி ஓடியது. பதினைந்து தாண்டியது, முப்பது தாண்டியது. நிறுத்த எனக்குத் துணிச்சல் வரவில்லை. அறுபது வரை எண்ணினேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"கரெக்டா இருக்குடி," என்றேன்.

அவள் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னிக்குத்தாங்க்கா முழு நிமிசம் எண்ணியிருக்கீங்க. நடுவுல நின்னு நின்னு அடிச்சது எனக்கே தெரியும். டெய்லி அக்காதான எண்ணுறாங்க, ஏதாச்சும்னா சொல்லுவாங்கன்னு சும்மா இருந்துட்டேன்."