எண்ணெய் உறைந்ததற்கு ஒரு சாட்சி

பிரிக்ஃபீல்ட்ஸ் பலகை வீடுகளின் பக்கம் போய் வேலாயுதம் என்று கேட்டால் விழிப்பார்கள். ‘புளுகு டிரைவர்’ என்றால் சின்னப்பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

பாவம், மனுஷன் ஒரு பொய்யும் சொன்னதில்லை. முதலாளியான சீனத் தவுக்கேயின் வாடகைக் காரில் துரைமார்களைப் பத்து வருஷமாகப் பிரேசர் மலைக்கு ஏற்றி இறக்கியவர். மேலே பட்டப்பகலில் கம்பளி போர்த்துவார்கள், தேங்காய் எண்ணெய் கல்லாக உறையும் என்று கண்ணால் கண்டதைச் சொன்னார். வெயிலில் வேகிற ஊரில் யார் நம்புவது?

ஊர் சிரித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. பெண்டாட்டி பவுனம்மாளும் சேர்ந்து சிரித்ததுதான் சுட்டது. கிள்ளான் கடற்கரைச் சூட்டில் வளர்ந்தவள் அவள். உறைந்த எண்ணெயைக் கனவிலும் கண்டதில்லை.

1934இல் ஒரு நாள், ஒரு துரையின் பெட்டிகளை மட்டும் மலைமேல் சேர்க்கவேண்டி வந்தது. பின்சீட்டு காலி. தவுக்கேயிடம் கேட்டுக்கொண்டு பவுனம்மாளை ஏற்றிக்கொண்டார். இன்றைக்கு ஒருத்தியாவது நம்பவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அவளோ, இறங்கும் முன் தலைவாரிக்கொள்ள எண்ணெய்ப் புட்டியோடு வந்து உட்கார்ந்தாள்.

மலையடிவாரத்துக் கோலகுபுவைத் தாண்டி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு ஏறத் தொடங்கினார். வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிட்டவள், பாதி மலையில் ஒரு கண்ணைத் திறந்தாள். பாறையில் அருவி வழிந்தது. பள்ளத்தில் காடு வெள்ளையாக மூடிக் கிடந்தது.

“ஏங்க, மேகம் நமக்குக் கீழ இருக்குங்க!”

“நல்லா பாத்துக்க,” என்றார் அவர், நெஞ்சு நிமிர்ந்து.

உச்சியில் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்தால், பவுனம்மாள் புட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று இறுகியிருந்தது. குளிரில் நடுங்கியபடி அவரையும் புட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க சொன்னதெல்லாம் நெசந்தாங்க.”

வேலாயுதம் கார்க் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“பிலோமினாகிட்ட காட்டணும், சீக்கிரம் ஓட்டுங்க!” என்றாள். பக்கத்து வீட்டுப் பிலோமினாதான் குழாயடிக் கேலிக்குத் தலைவி. ஆனால் அது ஒற்றைவழிப் பாதை. ஒரு மணி நேரம் ஏறும் வண்டிகள், அடுத்த மணி நேரம் இறங்கும் வண்டிகள். இறங்கும் முறை வந்து பாதையின் தடுப்பு திறக்கும்வரை காத்துக் கிடந்தார்கள். காற்றுப் படாமல் புட்டியை முந்தானையில் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டாள் பவுனம்மாள். அந்தச் சூடு எண்ணெய்க்கு ஆகாது என்று, இருந்த சந்தோஷத்தில் அவருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் குழாயடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். பவுனம்மாள் முந்தானையை அவிழ்த்தாள். புட்டிக்குள் எண்ணெய் தளதளவென்று ஆடியது.

“இம்புட்டு நாளா ஒருத்தருதான் புளுகுனாரு. இப்ப ஜோடியா லா!” என்றாள் பிலோமினா. குடங்கள் குலுங்கச் சிரித்தார்கள்.

வேலாயுதம் காருக்குள்ளேயே சாய்ந்துகொண்டார். வழக்கம்போல் இவளும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துவிடுவாள் என்று பயந்தார்.

பவுனம்மாள் இடுப்பில் முந்தானையைச் செருகினாள். “சிரிங்கடி, சிரிங்க! என் ரெண்டு கண்ணால பாத்தேன். எண்ணெ கல்லாட்டம் இருந்துச்சு. மேகம் எங்களுக்குக் கீழ நின்னுச்சு. அவரு சொன்னா சொன்னதுதான்!” மூச்சு வாங்கிக்கொண்டாள். கோபம் போதவில்லை. “நடுரோட்டுல ஒரு புலி. எங்க கார பாத்ததும் ஒதுங்கி வழி விட்டுச்சு! வேணும்னா அவரையே கேளுங்க.”

எல்லோரும் காரைப் பார்த்தார்கள். வழியில் ஒரு பூனைகூடக் குறுக்கே வரவில்லை. வேலாயுதம் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“பெரிய புலி,” என்றார். பத்து வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.